முந்தி ஓடிய மணிக்கூடு

எங்கள் வீட்டு அலாரம் மணிக்கூடு ஒரு நாளைக்கு நான்கு நிமிடம் முந்தி ஓடும். மலிவுச் சாமான். காலைச் செய்திக்கு முன் ரேடியோவில் டிக், டிக் என்று நேரம் சொல்லும்போது முள்ளைப் பின்னுக்குத் தள்ளிவைப்பேன். தினமும் சரியாக்குகிறேனே, அதனால் அது சரியான மணிக்கூடு என்றே நம்பியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நோன்பு மாதம், எங்கள் ஊர் கல்முனைக்குடியில் ஊரடங்கு போட்டார்கள். கரண்ட் இல்லை; பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊமை. பயத்தில் யன்னல்களைப் பகலிலும் பூட்டியே வைத்திருந்தோம். முதல் நாள் காலை நேரம் வைத்த கையோடு ரேடியோ பெட்டரியும் செத்துப்போனது. கடை எதுவும் திறக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் வயதில் மூத்த ஒரு ராத்தா தனியே இருந்தார். நெஞ்சு வருத்தக்காரி. சொன்னாலும் கேளாமல் நோன்பு பிடிப்பார். அவரிடம் மணிக்கூடு இல்லை. நோன்பு திறக்கும் நேரம் வந்ததும் நான் தகரப் பேணியால் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவேன். அவரும் மூன்று தட்டிவிட்டுத் திறப்பார்.

மூன்றாம் நாள் நான் தட்டியதும் குரல்தான் வந்தது.

"புள்ள, காகம் இன்னும் அடங்கல்லயே. நேரம் சரிதானா?"

கதவிடுக்கில் எனக்கும் வெளிச்சம் தெரிந்தது. மணிக்கூட்டைத் திரும்பப் பார்த்தேன். ஆனால் முள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது.

"ஓம் ராத்தா, மணிக்கூடு சொல்லுது. தொறங்க."

"நீ சொன்னாச் சரி. பாவம் வந்தா உன்ட தலையில" என்று சிரித்தார். பிறகு மூன்று தட்டு.

விடியப் போய்ப் பார்த்தபோது ராத்தா மவுத்தாகி, உடல் குளிர்ந்து கிடந்தார்.

அன்றே ஊரடங்கு தளர்ந்தது. என் மனுசன் பெட்டரி வாங்கி வந்தார். பகல் செய்தியின் டிக் டிக் கேட்டபோது மணிக்கூடு பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் முந்தி நின்றது. கூட்டிப் பார்க்க ஐந்தாம் வகுப்புப் படிப்பே போதும். மூன்று நோன்பையும் பொழுது படுமுன் திறந்திருக்கிறோம். என்னுடையதைப் பிறகு பிடித்துக் களாச் செய்யலாம். ராத்தாவுடையதை?

மார்க்கம் படித்த ஆலிம் ஒருவரிடம் ஆளனுப்பிக் கேட்டேன். அவர், "அறியாமல் செய்தது, குற்றமில்லை. மனம் ஆறாவிட்டால் ராத்தாவுக்காக நீ பிடி" என்றார். பெருநாள் கழிந்து என் மூன்றையும் முடித்து, அவருக்காகவும் மூன்று பிடித்தேன். மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்கவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லக் கேட்டுத்தான் திறந்தேன்.

கடைசி நாள் பாங்கு சொல்லி முடிந்தது. ஈச்சம்பழத்தை வாயில் வைத்தேன். சுவரில் மூன்று தட்டுக் கேட்டது.

மனுசன் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வீடு பூட்டி ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. பேணியை எடுத்து, பதிலுக்கு மூன்று தட்டினேன்.