அக்காவின் படகு சூடேறிய புதன்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன், அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி, புதன்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். அணைத் தண்ணீரின் மேல் மூடுபனி. சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. அக்காவின் படகு பாதித் தண்ணீரில் நின்றுவிட்டது. படகில் நான்கு பேர்: அக்கா, நான், ரேஷன் வாங்கக் கிளம்பிய இரண்டு பெண்கள். அக்கரை ஆஸ்பத்திரியில் ஏழரை மணிக்கு எனக்கு டயாலிசிஸ். அதற்கு முந்திச் செய்தது சனிக்கிழமை. நாலாவது நாள் ஆகியிருந்தது. கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை.

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றிச் சொல்ல, இந்த ஒரு நாளே எனக்குப் போதும்.

அக்கா பிறந்தது தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம் எங்களுடையது. பிள்ளைகள் ஐவரில் அக்கா மூத்தவர், நான் மூன்றாமவன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கொழுந்து கிள்ளப் போனார். அவர் சம்பளத்தில்தான் நான் பத்தாவது முடித்து எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுத உட்கார்ந்தேன். அத்தானைக் கட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தார். அத்தான் ஆட்களைக் கரைகடத்தும் படகு ஓட்டியவர். அவர் காலமான பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், படகை விற்றுவிடும்படி எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

“வித்துட்டு? பொறவு அக்கரைக்கு எல்லாரும் நீந்திப் போவீங்களா?” என்று கேட்டார் அக்கா. அத்தானுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே எஞ்சினைப் படித்திருந்தவர், ஐம்பத்திரண்டாவது வயதில் லைசென்ஸ் எடுத்தார். எனக்குச் சிறுநீரகம் பழுதானபின் வாரம் இருமுறை என்னை ஏற்றிப் போனதும் அந்தப் படகுதான்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். எஞ்சின் பீப் பீப் என்று அலறி, தானாகவே வேகம் குறைந்தது. சூடு அதிகமானால் அப்படித்தான் செய்யும். அக்கா உடனே நிறுத்தினார். எண்ணெய் தீர்ந்ததா, பாசி சுற்றியதா, மணி என்ன ஆகிறது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

“கொஞ்ச நேரம் வாய மூடுதியா தம்பி? ஒன்னப் பாப்பனா, இதப் பாப்பனா?”

எஞ்சினின் பின்பக்கம் ஊசி நுழையுமளவு ஒரு துளை உண்டு. அணைத் தண்ணீரையே உறிஞ்சி எஞ்சினைக் குளிர்வித்து, அதில் கொஞ்சத்தை அந்தத் துளை வழியாகப் பீச்சிக் காட்டும். அன்று பீச்சவில்லை. துளையை மூடிக்கொண்டு காய்ந்த சந்தனம்! திங்கட்கிழமை ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. படகில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் குத்தி எடுத்தார். ஆறவிட்டுக் கிளப்பினோம். தண்ணீர் வந்தது, ஆனால் சொட்டுச் சொட்டாக.

“ஒனக்கும் இதுக்கும் ஒரே நோவுதான் தம்பி. தண்ணி எறங்க மாட்டேங்கு” என்றார். இரண்டு பெண்களும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது நிமிடத்தில் எஞ்சின் மறுபடி அலறியது.

காற்று எங்கள் கரைப்பக்கம் வீசியதால் துடுப்புப் போட்டுத் திரும்பினோம். சாலை வழியாகப் போகலாம் என்றால், மண் சரிந்து மூடி ஒரு வாரம். வேறு எஞ்சின் படகு எங்கள் கரையில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். “நாளைக்குக் காலை எட்டு மணிக்கு ஒரு மெஷின் ஒழியும். அது விட்டா சனிதான் அப்பச்சா. அதுவரைக்கும் வெள்ளம் குடிக்கருது” என்று தண்ணீர் குடிக்கவும் தடை போட்டார் மலையாளி நர்ஸ். சனிக்கிழமை வரை நான் தாங்க மாட்டேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்காவிடம் சொன்னேன்.

“எட்டு மணிக்குத்தான? அப்ப இன்னைக்குப் பகல் பூரா கெடக்கு” என்றார் அக்கா.

அக்காவின் மகனும் படகுத்துறையில் டீக்கடை வைத்திருக்கும் தேவசி சேட்டனும் எஞ்சினைக் கழற்றித் தூக்கி வந்து சாக்கின் மேல் கிடத்தினார்கள். பொட்டைப் பார்த்த சேட்டன் விடவில்லை. “சந்தனம் பூசினா எஞ்சினும் குளிரும்னு நெனச்சோ சேச்சி?”

“ஆமா, அடுத்த வருசம் ஒம்ம வாயில பூசுதேன். அந்தப் பக்கம் பிடியும்.”

தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் பாசி இல்லை. அடுத்து எஞ்சினின் கீழ்க்காலைப் பிரித்தார்கள். கழற்றிய போல்ட்டுகளை எண்ணி டிபன் மூடியில் வைப்பது என் வேலை. உள்ளே தண்ணீரை மேலேற்றும் சின்ன ரப்பர் சக்கரம் இருந்தது. அதற்கு ஆறு இதழ். மூன்றுதான் மிச்சம், அவையும் ஓரம் கருகியிருந்தன. அக்கா அதை மோந்து பார்த்தார்.

பிறகு படகுக்குக் காத்து நின்ற ஏழெட்டுப் பேரின் முன்னால் சொன்னார்: “நாந்தான் கெடுத்துட்டேன்.”

ஒவ்வோர் ஆண்டும் பூஜை முடிந்ததும் வாசலில் எஞ்சினை ஓட்டிக் காட்டுவது அக்காவின் வழக்கம். சாமிக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்பார். எஞ்சினின் கால் தண்ணீர் நிரம்பிய டிரம்முக்குள் நிற்கும். அந்த வருடம் விருந்துச் சமையலுக்கு டிரம்மில் குடிதண்ணீர் பிடித்துவைத்திருந்தார்கள். இரண்டு நிமிடம்தானே என்று வெறுமனே ஓட்டிவிட்டார். தண்ணீர் இல்லாமல் சுழன்றால் அந்த ரப்பர் கருகிவிடும். அக்காவுக்கு அது தெரியாததல்ல. “சாமிக்குக் கேட்டுருச்சு. நமக்குத்தான் இப்பக் கேக்கு” என்றார்.

மாற்றுச் சக்கரம் ஒன்று அரிசி டின்னுக்குள் பிளாஸ்டிக் தாள் சுற்றி இருந்தது. மாட்டினார். டிரம்மில் வைத்து ஓட்டினோம். தண்ணீர் நன்றாகவே பீச்சியது. ஆனாலும் பன்னிரண்டாவது நிமிடம் எஞ்சின் மறுபடி அலறியது.

பிய்ந்த இதழ்களில் இரண்டு துண்டுகள் கீழேயே கிடைத்திருந்தன. நான் அவற்றைச் சக்கரத்தோடு வைத்துப் பார்த்தேன்.

“அக்கா, மூணும் ரெண்டும் அஞ்சு. ஒண்ணு கொறையுது.”

“தண்ணியோட வெளிய போயிருக்கும்.”

“எது வழியா? அந்த ஊசி ஓட்டை வழியாவா?”

அக்கா என்னைப் பார்த்தார். “அதுவும் சரிதான். கெழவன் பொலம்பலுக்கும் ஒரு வேள வருது பாத்தியா?” என்று மகனிடம் சொல்லிக்கொண்டே எஞ்சினின் தலைப்பக்கம் இருந்த சின்ன மூடியைத் திறந்தார். சூடானால் திறந்து தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட் அங்கே இருக்கும். அதன் அடியில், நகத்தளவில், கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது ஆறாவது இதழ். அக்கா அதை இரண்டு விரலால் எடுத்து என் டிபன் மூடியில் போட்டார். “இந்தா, ஒன் கணக்கு சரியாச்சா?”

இருட்டுவதற்குள் முழுதாக அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம், எஞ்சின் அலறவில்லை. மறுநாள் ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கிளம்பினோம். வழி முழுக்க நான் அந்தத் தண்ணீர்ப் பீச்சலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அக்கா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு மணிக்கு முன் அக்கரை சேர்ந்தோம். எட்டு மணிக்கு நான் மெஷினில் படுத்திருந்தேன்.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு அக்கா முதலில் டிரம்மை நிரப்பினார், பிறகுதான் குத்துவிளக்கு. அதுவே அவருடைய கடைசிப் பூஜை. கார்த்திகையில் நெஞ்சுவலி வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கும் மகனிடம் கேட்டது, எஞ்சினில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்பதுதான். அறுபத்தொன்பதாவது வயதில் எங்களை விட்டுப் பிரிந்தார். அவர் படகிலேயே, அவர் மகன் ஓட்ட, வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

ஆஸ்பத்திரியில் அக்காவைத் தாய்போல் பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கும், கடையை அடைத்துவிட்டு மூன்று நாளும் உடனிருந்த தேவசி சேட்டனுக்கும், மழையில் படகுத்துறையில் காத்துநின்று சுமந்த இளைஞர்களுக்கும், ஒருநாளும் நிறுத்தாமல் படகை ஓட்டிவரும் அக்காவின் மகனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த ரிப்பேருக்கு எவ்வளவு செலவாயிற்று என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. வியாழக்கிழமை அக்கரை சேர்ந்ததும் புதுச் சக்கரத்துக்குப் பணம் நீட்டினேன். “கெடுத்தது நான், அது என் செலவு” என்று தள்ளிவிட்டார். பிறகு கையை நீட்டினார்.

“டிக்கெட்டுக் காச எடு.”

“எங்கிட்டயுமாக்கா? அதுவும் இன்னைக்கா?”

“இன்னைக்குத்தான் கண்டிப்பா வேணும். சவத்த ஏத்துனா மட்டுந்தான் நான் காசு வாங்குறதில்ல. நீ கால ஊணி எறங்கி நடந்து போறல்லா? எடு.”

முப்பது ரூபாய் கொடுத்தேன்.