எங்கள் இருவரின் ஆங்கிலம்

லீட்ஸில் பஸ் நிறுத்தத்தில் தினமும் பார்க்கிற வெள்ளைக்காரப் பெண்மணி வானத்தைக் காட்டி, மழை வரும் என்றார். "ஆமாம், லகூப்ரியஸ் வானம்" என்றேன். அழுமூஞ்சி வானம் என்று நான் சொன்னது அவருக்கு எட்டவில்லை. "உங்கள் பாஷையில் அப்படிச் சொல்வீர்களா?" என்று அன்பாகக் கேட்டார். அவர்கள் ஊரில் அவர்கள் மொழியைப் பேசியும் நான் அந்நியம்தான். சிரித்திருக்கலாம், அழுகை வந்தது.

ஒருவிதத்தில் அவர் கேட்டது சரி. அது எனக்கும் அக்காவுக்கும் மட்டுமான பாஷை. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும்போது, ஆங்கில அகராதியில் யாரும் சீண்டாத சொற்களாகப் பார்த்துப் பொறுக்குவோம். சும்மாவே எரிந்து விழும் கண்டக்டர் எங்களுக்குக் கேன்டாங்கரஸ். வீட்டில் அம்மாவுக்குத் தெரியக்கூடாத சங்கதிகளை, நான் அரியர் வைத்தது உட்பட, அவள் காதுபடவே அந்தச் சொற்களில் பேசிக்கொள்வோம். "துரைசாணிங்களா, சோறு ஆறுது, வாங்கடி" என்பாள் அம்மா.

போன ஆடியில் அக்கா போன் செய்தாள். பக்கத்தில் அம்மா கீரை ஆய்ந்தபடி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "என் ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்டி" என்று தமிழில் சத்தமாகச் சொன்னாள் அக்கா. பிறகு, பஸ்ஸில் விளையாடும் அதே குரலில், "மாரிபண்ட்" என்றாள். இனிப் பிழைக்க வழியில்லை என்று பொருள். அம்மாவிடம் மூச்சு விடாதே என்பதையும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். நான் கார்த்திகைக்கு லீவு கேட்டு வாங்கினேன். அக்கா ஐப்பசியிலேயே போய்விட்டாள். நான் வந்து சேர்வதற்குள் ஓயாமாரி சுடுகாட்டில் எல்லாம் முடிந்திருந்தது.

"திடீர்னு இப்படி ஆகும்னு யாருக்கும்மா தெரியும்" என்று அப்போதும் அம்மாவிடம் நடித்தேன். அவள் என் தலையைத் தடவினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டி. நல்ல சேதியா இருந்தா தமிழோட நிறுத்தியிருப்பா. எனக்காகத்தானே மறைக்கிறீங்கன்னு நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். அவளைக் கட்டிப்பிடிச்சு ஒரு தடவை அழக்கூட இல்ல."

அவர்கள் இருவரையும் ஒரே வீட்டில் பிரித்து வைத்தது எங்கள் விளையாட்டுதான்.

இப்போது நான் திரும்பவும் லீட்ஸில். ஊர் முழுக்க ஆங்கிலம். என் ஆங்கிலத்தைப் பேச ஆளில்லை. நேற்று ஓர் அழகான சொல் கண்ணில் பட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்க, அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைம்மா..." என்றேன்.

அம்மாவின் குரல் நடுங்கியது. "யாருக்கு என்னடி ஆச்சு?"