முதல் குண்டு மட்டும்

ஆர்லனின் துப்பாக்கிக்கு வந்திருந்த வியாதி விசித்திரமானது. இரண்டாவது குண்டு, மூன்றாவது, நாலாவது எல்லாம் ஒரே இடத்தில் போய் விழும். ஒரு காசை வைத்து மூடிவிடலாம். ஒவ்வொரு நாளும் சுடுகிற முதல் குண்டு மட்டும் அரைச் சாண் வலப்பக்கம் தள்ளிப் போகும். குறி அட்டையில் சுடுகிறவனுக்கு இது வேடிக்கை. வேட்டைக்காரனுக்கு? "பரவாயில்லை, இன்னொரு தடவை சுடு" என்று எந்த எல்க் மான் நின்று கொடுக்கும்?

போன வருஷம் அப்படித்தான் ஆயிற்று. தோளைக் குறி வைத்தார், வயிற்றில் பட்டது. இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை நடந்தும் மான் கிடைக்கவில்லை. அவர் ஊர் இருக்கும் ஜூடித் மலையடிவாரத்தில், அடிபட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தவனை யாரும் மதிக்கமாட்டார்கள். மகள் டார்லா அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"துப்பாக்கி மேல பழி போடாதீங்கப்பா. எழுபத்தாறு வயசாகுது, உங்களுக்கு முன்ன மாதிரி முடியல. அடுத்த வருஷமும் ஒண்ண இப்படி அரைகுறையா அடிச்சிட்டு வந்தீங்க, துப்பாக்கி அலமாரிக்குள்ள போயிடும். சாவி என்கிட்ட."

"எனக்கு முடியலன்னா எல்லா குண்டும்ல தப்பணும்? முதல் குண்டு மட்டும் ஏன்டி தப்புது?"

நியாயமான கேள்வி. வயசானவன் கேட்கும் நியாயமான கேள்விக்கு எந்த வீட்டில் பதில் சொல்கிறார்கள்?

கோடை முழுக்க இதே பிழைப்பாகிவிட்டது. தோட்டாவுக்கான குண்டை அவரே வார்ப்பார். டயர் கடையில் வேலை பார்த்த காலத்தில் சக்கரங்களிலிருந்து கழற்றிச் சேர்த்த ஈயத் துண்டுகளை கேரேஜில் உருக்கி அச்சில் ஊற்றுவார். கடையில் வாங்கினால் என்ன என்று கேட்டால் வள்ளென்று விழுவார். ஈயத்தில் வெள்ளீயத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். குண்டில் தடவும் தேன்மெழுகுக் கிரீஸை மாற்றினார். வெடிமருந்தை மாற்றினார். துப்பாக்கிக் கட்டையின் திருகுகளை இறுக்கினார், தளர்த்தினார். ம்ஹூம். முதல் குண்டு வலப்பக்கமே போனது.

"யோவ், முதல் குண்ட வீட்லயே சுட்டுட்டு வந்துடேன். ரெண்டாவத காட்டுல சுட்டுக்கலாம்" என்றார், சுடும் மைதானத்தில் பக்கத்துப் பலகையில் உட்காரும் வெண்டல். அவருக்கு எப்போதும் குசும்புதான்.

"சரிய்யா. உன் வண்டி டயர்லயே சுட்டுட்டுக் கிளம்பறேன்."

செப்டம்பரில் விடை தானாக வந்தது. திடீரென்று ஆலங்கட்டி கொட்ட, ஆர்லன் துப்பாக்கியை அள்ளி உறையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். தினமும் செய்வதுபோல் அன்றைக்குக் குழலைத் துடைத்து எண்ணெய் போடவில்லை. மறுநாள் முதல் குண்டு அட்டையின் நட்ட நடுவில் விழுந்தது. அவரால் நம்பவே முடியவில்லை. குழலைத் துடைத்து எண்ணெய் போட்டுச் சுட்டார்: வலப்பக்கம். துடைக்காமல் விட்டுச் சுட்டார்: நடு. எத்தனை முறை மாற்றி மாற்றிச் சுட்டாலும் அதேதான். குழலுக்குள் எண்ணெய் இருந்தால் ஈயக் குண்டு வழுக்கிக்கொண்டு போகிறது. ஒன்று போய் எண்ணெயை வழித்துவிட்டால் மற்றதெல்லாம் ஒழுங்காகப் போகின்றன. அட சனியனே! தினமும் சாயங்காலம் தன் கையாலேயே அந்த வியாதியைப் பூசி வைத்திருக்கிறார்.

வெண்டலிடம் மட்டும் சொன்னார். வீட்டில் வாயைத் திறக்காமல், குழலைத் துடைக்காமலே வைக்க ஆரம்பித்தார். துப்பாக்கியை அழுக்கோடு வைப்பது அந்த ஊரில் பல் விளக்காமல் சாப்பிட உட்காருகிற மாதிரி. அதிலும் மருமகன் ட்ரென்ட் இராணுவத்தில் இருந்தவன். மர அறுவை ஆலை மூடியதும் டார்லாவோடு மாமனார் வீட்டுக்கு வந்துவிட்டான். சும்மா சாப்பிடக் கூச்சப்பட்டு, யாரும் சொல்லாமலே விறகு பிளப்பான், வாசலில் பனி தள்ளுவான். தங்கமான பிள்ளை. அதுதான் வினையாகப் போயிற்று.

வேட்டைக்காலம் தொடங்கிய நாள் காலையில், வெளிச்சம் வருவதற்கு முன்பே ஆர்லன் மலைச்சரிவில் போய் உட்கார்ந்துவிட்டார். விடிந்ததும் பெட்டை எல்க் ஒன்று பைன் மரங்களிலிருந்து வெளியே வந்து, பக்கவாட்டில் நின்றது. அவசரமே இல்லை. மூச்சை விட்டார், தோளைப் பார்த்தார், சுட்டார். மான் முதுகு வளைந்து துள்ளி, மரங்களுக்குள் ஓடிவிட்டது. வயிற்றில் பட்ட மான்தான் அப்படித் துள்ளும். குண்டு மாற்றத் துப்பாக்கியைத் திறந்தார். கருகிய எண்ணெய் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது.

பகல் முழுக்கத் தேடினார். மத்தியானம் பனி பிடித்துக்கொண்டு தடத்தையெல்லாம் மூடிவிட்டது. கெஞ்சினால் பனி நிற்குமா?

வீட்டில் டார்லா ட்ரென்டுக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ட்ரென்ட், நேத்து என் துப்பாக்கியத் தொட்டியா?"

"ஆமா ஆர்லன்! உள்ள ஒரே கரி. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சு, நல்லா துடைச்சு எண்ணெய் போட்டு வச்சேன்." அவன் முகமெல்லாம் சந்தோஷம்.

"அதனாலதான்டா குறி தப்புச்சு. அந்த எண்ணெயாலதான்."

எல்லாவற்றையும் விளக்கினார். ஆலங்கட்டி, அட்டை, ஈயம் வழுக்குவது. விளக்க விளக்க, அவர் காதுக்கே அது சாக்குப்போக்காகக் கேட்டது. ட்ரென்ட் டார்லாவைப் பார்த்தான்.

"சுத்தமா இருந்ததாலயா குறி தப்புச்சு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வெண்டலக் கேளு!"

"வெண்டலுக்கு எண்பது வயசுப்பா" என்றாள் டார்லா.

"நாளைக்கே அட்டையில சுட்டுக் காட்டறேன். நீயே வந்து பாரு."

"சரிப்பா."

"சத்தியமா சொல்றேன்டி."

"சரின்னுதானேப்பா சொல்றேன். சாப்பிடுங்க, ஆறிடும்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். யாரும் திட்டவில்லை. ட்ரென்ட் அவர் தோளில் கை வைத்து, "என் தப்புதான் ஆர்லன். நான் தொட்டிருக்கக் கூடாது" என்றான். விழுந்த குழந்தைக்காகத் தரையை அடிப்பார்களே, அந்தக் குரல். அவன் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்று ஆர்லனுக்குத் தெரிந்தது.

டார்லா துப்பாக்கியை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"காலையில போய் அந்த மானைத் தேடுவோம். பாவம், உயிரோட கிடந்து துடிக்கும்" என்றான் ட்ரென்ட். "என் துப்பாக்கிய எடுத்துக்கறேன். நீங்க சும்மா கூட வந்து எடத்தக் காட்டினா போதும்."

ஆர்லன் சூப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எத்தன மணிக்குக் கிளம்பணும்?" என்று அவனிடம் கேட்டார்.