முக்கோணங்களும் வட்டங்களும்

துருவிக்கு முதன்மைப் பாடம் கணக்கியல். ஆசியப் பண்பாடும் சமூகங்களும் என்ற துணைப்பாடத்தை எடுத்ததற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் எடுத்த பிறகு அது அவளை விடவில்லை. அடுத்த வீட்டுச் சங்கதியைத் துருவித் துருவிக் கேட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே வளர்ந்தவள். அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். அதே காரியத்துக்கு மதிப்பெண் தருகிறார்கள் என்றால் சும்மா இருப்பாளா?

இந்த முறை கொடுத்த வேலை, வேறு நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் உறவுமுறையைக் கரும்பலகையில் வரைந்து விளக்குவது. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. பெயர் மட்டும் கூடாது. பேசியவர்களுக்கு ஆபத்து வரக்கூடாதாம்.

துருவி அலையவே இல்லை. அவள் வீட்டு மாடியிலேயே வேறு நாட்டிலிருந்து வந்த தையல்கார அக்கா, சின்ன மகளோடு குடியிருந்தார். யாரிடமும் வாய் திறக்காத மனுஷி. இவளிடம் எப்படியோ மனம் விட்டுப் பேசினார். புருஷன் அடித்தது, புகுந்த வீடே சேர்ந்து கதவைப் பூட்டியது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது எல்லாம்.

"அவரோட அண்ணன் இந்த ஊருக்கே வந்து தேடிக்கிட்டிருக்காராம். இங்க இருக்கேன்னு தெரிஞ்சா பிள்ளையைப் பறிச்சிடுவாங்கம்மா."

"பேரே போட மாட்டோம்க்கா. பயப்படாதீங்க."

வகுப்பில் ஜமாய்த்துவிட்டாள். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் மூன்று பேர், இன்னொரு வீட்டு அக்கா தங்கைகள் மூன்று பேரைக் கட்டிய குடும்பம். மூத்தவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். கடைசித் தங்கை வீட்டை விட்டுப் போனதைக் காட்ட, அவள் வட்டத்திலிருந்து ஒரு கோடு மட்டும் தனியே விலகிப் போயிற்று. பேராசிரியை தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

வகுப்பு முடிந்ததும், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த, பேச்சுமொழி சொல்லித்தரும் வாத்தியார் அருகில் வந்தார். அக்காவின் நாட்டுக்காரர். தங்கமான மனுஷன் என்று கல்லூரியில் பெயர்.

"ரொம்ப நல்லா சொன்னம்மா. அந்தக் கடைசிப் பொண்ணு நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்காங்க சார். தையல் வேலை."

"குழந்தையும் கூடவா?"

"ஆமா சார்."

"பாவம். தனியா இருந்தா நம்ம ஆளுங்க ஏதாவது உதவி பண்ணலாமே. எந்தப் பக்கம்?"

"பஸ் டிப்போ பின்னாடி, எங்க வீட்டு மாடியிலதான் சார்."

அவர் கண்கள் கலங்கின. அதைப் பார்த்து இவளுக்கும் நெஞ்சு நிறைந்தது. தோழிகளோடு கேன்டீனில் டீ குடித்து, பாராட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பெண் என்று பொதுவாகத்தானே வகுப்பில் சொன்னாள்? குழந்தை இருப்பதைச் சொல்லவே இல்லையே. படத்திலும் வரையவில்லையே. அவருக்கு எப்படித் தெரியும்?

அக்காவுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. தையல் மெஷின் ஓடினால் அவருக்கு எதுவும் கேட்காது. நிறுத்தத்திலிருந்து ஓடினாள், பக்கவாட்டுப் படிகளில் இரண்டிரண்டாக ஏறினாள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார்.

மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது துருவிக்கு. மெஷினை மட்டும் நிறுத்தினார்.

"மூணு அண்ணன் தம்பின்னு சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"இரட்டைப் பிள்ளைங்க?"

"அதையும்."

"எங்க ஊர்ல அப்படி ஒரே ஒரு வீடுதாம்மா."

அவர் எழுந்து கொடியிலிருந்த பிள்ளையின் சட்டைகளை உருவிப் பையில் திணித்தார். பிறகு சட்டென்று நின்றார்.

"பாப்பா கீழ உங்கம்மாகிட்டதானே இருக்கா?"

துருவி பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. விருந்தாளி வந்தால் வருகிற அதே சந்தோஷக் குரல்.

"ஏய் துருவி, வந்துட்டியா? உங்க காலேஜ் சார் வந்திருக்காருடி. கூட மாடி அக்கா வீட்டுக்காரரோட அண்ணனாம், பாப்பாவைத் தூக்கி வச்சுக்கிட்டுக் கீழ இறக்கவே மாட்டேங்கிறாரு!"