சமோசா எஞ்சினுக்கு டர்போ பூட்டிய கதை

எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ரோட்டரி எஞ்சின் என்று சொல்லத் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் என் அத்தான், அக்காவின் கணவர், காருக்குச் சொந்தக்காரர். இன்னொருவர் அதைப் பழுதுபார்த்த மெக்கானிக். மூன்றாவது ஆள் நான். எனக்குச் சொல்ல மட்டும்தான் தெரியும் என்பது அப்போது எனக்கே தெரியாது.

அத்தான் சிங்கப்பூரில் மீனை உறையவைக்கும் கிடங்கு ஒன்றில் இருபது வருடம் ஃபிட்டராக இருந்தவர். ஊர் திரும்பியபோது டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டில், நைலான் சேலை எல்லாம் கொண்டுவந்தார். எல்லாம் கேட்டவர்கள் கைக்குப் போயிற்று. தனக்கென்று கப்பலேற்றியது ஒரு பழைய ஜப்பான் கார் மட்டும்.

அந்தக் காரில் பிஸ்டன் கிடையாது. பக்கங்கள் உப்பிய முக்கோண இரும்பு ஒன்று முட்டைவடிவக் கூட்டுக்குள் சுழலும். மெக்கானிக் முதல்முறை அதன் படத்தைப் பார்த்துவிட்டு 'சமோசா' என்றார். ஊரில் அதுவே பெயராகிவிட்டது. சமோசாவின் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டைபோல ஒரு சீல் உண்டு. அது முறிந்தால் எஞ்சின் முடிந்தது. இந்தியாவில் எங்கும் அது கிடைக்காது; அத்தான் மூன்று ஊர்களுக்கு ஆள் விட்டு விசாரித்துவிட்டார். அதனால் அவர் காரை ஓட்டுவது கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போல இருக்கும்.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில்தான் சிக்கல். வேகமாகச் சுற்றினால்தான் அந்த எஞ்சினுக்கு வலு வரும். வேகமாகச் சுற்றவிட அத்தானுக்கு மனம் வராது. ஒருமுறை பாதி மலையில் எங்கள் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார். அக்கா புளியோதரைத் தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு காருக்கு முன்னால் நடந்தாள். காரால் அவளை முந்த முடியவில்லை.

இந்த இடத்தில்தான் இலக்கியம் உள்ளே நுழைந்தது. அத்தானின் பீங்கான் சாமான்களைச் சுற்றி வந்த ஆங்கில மோட்டார் பத்திரிகைத் தாள்களை நான் கசக்கல் நீவிப் படித்துவைத்திருந்தேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வேறென்ன வேலை? அதில் டர்போ என்றொரு சாதனம். எஞ்சின் தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுழலும். அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். பந்தியில் போதும் போதும் என்பவன் இலையில் இன்னும் இரண்டு கரண்டி போடுகிற ஏற்பாடு. நான் ஒரு வாரம் விடாமல் பேசினேன். அத்தான் தயங்கினார். மெக்கானிக்குக் கண் மின்னியது.

கேரளத்துப் பக்கம் அணைக்கட்டு வேலை முடிந்து கழித்துக்கட்டிய டீசல் மெஷினில் இருந்து டர்போவை மெக்கானிக்கே தேடிப் பிடித்தார். பயந்து பயந்துதான் பூட்டினார். காற்றை அதிகம் திணித்தால் உள்ளே வெடிப்பு நேரம் தவறி விழும், சீல் முறியும் என்று அவருக்குத் தெரியும். அழுத்தத்தைக் குறைவாகவே வைத்தார். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பழைய இடத்தில் இருந்து கழற்றி டர்போவின் வாயில் வைத்தார். அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது. கார்புரேட்டரின் அடியைச் சுற்றி எஞ்சினின் வெந்நீர் ஓடும் சின்னக் குழாய் ஒன்று இருந்தது. புது இடத்துக்கு அது எட்டவில்லை. நீட்டவா, அடைக்கவா?

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவன் அல்லவா. அது பனி பெய்யும் தேசத்துக்காக வைத்தது, சித்திரை வெயிலில் தார் உருகும் ஊரில் கார்புரேட்டருக்கு வெந்நீர் எதற்கு, அடையுங்கள் என்றேன். எனக்கே என் அறிவு பிடித்துப்போயிற்று. மெக்கானிக் அடைத்தார்.

சித்திரையும் வைகாசியும் கார் பறந்தது. ஆரியங்காவு ஏற்றத்தில் அக்கா காருக்குள் உட்கார்ந்தே வந்தாள். நான் ஊருக்குள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

ஆனியில் சாரல் விழுந்தது. ஒரு ஞாயிறு காலை எல்லாரும் வீட்டிலேயே தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பினோம். மெக்கானிக்கையும் அத்தான் கூப்பிட்டிருந்தார், மரியாதைக்கு. குற்றாலத்தை நெருங்கும்போது காருக்கு மூச்சு வாங்கியது. அத்தான் மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. இரண்டு இருமல். நின்றுவிட்டது.

மெக்கானிக்தான் மெதுவாக, "சீலு போயிருக்கும் அண்ணாச்சி. எங் கை பட்டதுதான்" என்றார்.

அவர் கை இல்லை, என் வாய் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் இறங்கிப் போய் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். எண்ணெய் வழியும் நெற்றியைத் துடைக்கவும் இல்லை. "இருவது வருசத்துல எனக்குன்னு வாங்குனது இது ஒண்ணுதான் மாப்ள" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரைத் தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்தார். சுட்டுவிட்டது என்று நினைத்தேன். அதன் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுண்ணாம்போ என்று மெக்கானிக் சுரண்டினார். அத்தான் குனிந்து பார்த்தார். ஒரு துளியை விரலில் எடுத்துத் தேய்த்தார். இத்தனை மாதத்தில் நாங்கள் ஒருமுறைகூட யோசனை கேட்காத ஆள் அவர்.

"ஐஸ்லா இது."

பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றி உள்ள சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும், சாரல் காற்றில் இருக்கிற ஈரம் அங்கே உறைந்து வழியை அடைத்துவிடும், கிடங்கில் தாங்கள் காசு கொடுத்துச் செய்ததை இது சும்மா செய்கிறது என்று விளக்கினார். அதைத் தடுக்கத்தான் வெந்நீர்க் குழாய். சீலுக்கு ஒன்றும் இல்லை. முகத்தைக் காட்டாமல் குனிந்து ஏதோ ஒரு நட்டைத் திருகினார்.

அக்கா குடையைக் காருக்குப் பிடித்துக்கொண்டு, நனைந்தபடி என்னைப் பார்த்தாள். "ஏலே, பனி தேசத்துக்குத்தான் வெந்நின்னு சொன்னியே. குத்தாலத்துல சீசன் உண்டுன்னு எந்த இங்கிலீஸ் புஸ்தகத்துலயும் போடலியோ?"

டீக்கடையில் வெந்நீர் வாங்கி, துண்டை நனைத்து கார்புரேட்டருக்கு ஒத்தடம் கொடுத்தோம். பிள்ளை பெற்றவளுக்குக்கூட அவ்வளவு பக்குவமாகக் கொடுத்திருக்க மாட்டார்கள். கால் மணி நேரத்தில் கிளம்பியது. தலை நிறைய எண்ணெயோடு யாரும் திரும்பத் தயாராக இல்லை, அத்தான் அருவிவரை ஓட்டினார். ஆனால் எஞ்சினை அணைக்க மறுத்துவிட்டார். மற்றவர்கள் குளிக்கப் போனார்கள். அவர் ஆக்ஸிலேட்டரில் காலை வைத்து உட்கார்ந்திருக்க, நான் டீக்கடைக்கும் பானெட்டுக்கும் வெந்நீர்ச் சொம்போடு நடந்தேன்.

மெக்கானிக் ஈரத்தலையோடு வந்து, குழாயை நீட்ட ஒரே நாள் வேலை அண்ணாச்சி, அப்புறம் எந்தச் சாரலும் ஒன்றும் செய்யாது என்றார். அது உண்மை. நானும் தலையாட்டினேன், ஆட்டியதும் நிறுத்திக்கொண்டேன்.

ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுக்காமலே அத்தான் சொன்னார். "நீ நல்லாத்தான் பூட்டுன, தம்பி. குத்தம் உம்மேல இல்ல. ஆனா கால் மணி நேரம் இந்தக் காரு இல்லாம இருந்து பாத்துட்டேன். நாளைக்கு டர்போவ கழத்திருவோம். மலையில ஆள எறக்கி நடத்திக்கிடுதேன்."

மெக்கானிக் கொஞ்ச நேரம் டர்போவையே பார்த்தார். பிறகு சரி என்றார். அவருக்கும் அது முதல் டர்போ, கடைசியும் அதுதான்.

நான் எதையாவது சொல்ல வாயெடுத்தேன். அத்தான் என் கையில் இருந்த சொம்பை வாங்கி ஓரமாக வைத்தார்.

"போய்க் குளி மாப்ள. எண்ண கண்ணுல எறங்குது பாரு."