ஒற்றைக்காலில் கண்டக்டர்

முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவின் தொப்பையைக் கரைக்க, அறுபது நாள் உடற்பயிற்சி வீடியோ ஒன்றை டிவியில் போட்டேன். பத்துக் குதி குதிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"காலங்காத்தால உயிர வாங்குறானே!" என்று திரையில் கத்திக்கொண்டிருந்த பயிற்சியாளனைத் திட்டினார்.

அடுத்து ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். பயிற்சியாளனே லேசாகத் தள்ளாடினான்; நான் சோபாவில் விழுந்தேன். அப்பா மட்டும் இம்மியும் அசையவில்லை.

"ஓடுற வண்டியில எதையும் பிடிக்காம டிக்கெட் கிழிச்சவன்மா நான். இதெல்லாம் எனக்கு ஜுஜுபி."

நிமிடங்கள் ஓடின. அவர் காலை இறக்குவதாயில்லை.

"போதும், நிறுத்துங்கப்பா!" என்றேன்.

உடனே அவர் கை தலைக்கு மேலே போய் மணிக்கயிற்றைத் தேடியது. கயிறு இல்லை. கையை மெல்ல இறக்கி, தலையைச் சொறிவதுபோல் சமாளித்தார்.