சீதனமாய்ப் போன ஜீப்

அக்காவைக் கட்டிய என் அத்தானோடு நான் ஏழு வருடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் பின்பக்கத்தால் கிணற்றடிக்குப் போய்விடுவேன். "தங்கச்சி" என்று கூப்பிட்டால் காது கேளாதவள் போல நிற்பேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அவர் எங்கள் ஜீப்பைப் பிடுங்கிக்கொண்டு போனவர். ஒரு மனிதனை வெறுக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த ஜீப் எங்கள் கடற்கரை ஊரான வங்காலைக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது. ஏதோ ஓர் அரசாங்கத் திணைக்களம் பாவித்துக் கழித்து ஏலத்தில் விட்டதை அப்பா எடுத்திருந்தார். உழவு இயந்திரம் ஒன்று அதைக் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் வளவுக்குள் விட்டுவிட்டுப் போனது. முன்கண்ணாடி இல்லை. சீற்றுகளில் கம்பிதான் மிச்சம். உப்புக்காற்று அடித்தட்டைத் தின்று முடித்திருந்ததால், உள்ளே ஏறி நின்றால் கீழே மணல் தெரிந்தது. அம்மா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "உதுக்குள்ளை கோழி அடைக்கலாம்" என்றார்.

ஆனால் அது நாலு சில்லும் இழுக்கிற வண்டி. எங்கள் கரையில் லொறிகள் தார் றோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து கடல் வரைக்கும் கால் புதையும் மணல். மீன் பெட்டியைத் தலையில் வைத்துத்தான் நடக்க வேண்டும். வெளிநாட்டுச் சாமான்களை நாட்டுக்குள் விடாமல் நிறுத்தியிருந்த காலம் வேறு. புது வாகனத்தைக் கனவில்தான் காணலாம். அப்பா படகு எஞ்சின் திருத்துகிறவர். அவர் கை பட்டால் எதுவும் ஓடும் என்று கரை முழுக்கப் பேர்.

வந்த முதல் நாளே அப்பா எனக்கு ஒரு வாக்குத் தந்தார். "இது ஓடத் தொடங்கினா முதல் பயணம் மடு மாதா திருவிழாவுக்குத்தான். முன்சீற் உனக்கு." அடுத்த நாள் வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருக்கிறவளுக்குப் பின்சீற்றில் ஓர் இடம் தருவதாகவும் சொன்னேன்.

இரண்டு வருடம் பிடித்தது. பழைய பெற்றோல் எஞ்சின் செத்துப்போயிருந்தது. எங்கோ அடிபட்டுக் கிடந்த வான் ஒன்றிலிருந்து அப்பா ஒரு டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தார். அது பழையதைவிட ஒரு சாண் நீளம் கூட. உள்ளே இறக்கினால் றேடியேற்றரில் போய் முட்டியது. மூன்று தரம் இறக்கி மூன்று தரம் தூக்கினார்கள். நாலாந்தரம் அப்பா கையிலிருந்த நட்டுக் கழற்றும் சாவியை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

அப்போதுதான் அக்கா வெளியே வந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து எஞ்சினையும் அது இருக்க வேண்டிய குழியையும் அளந்தாள். பிறகு நிலத்தில் ஒரு பேப்பரை விரித்துக் கத்தரிக்கோலால் வெட்டத் தொடங்கினாள். அப்பா எழும்பி வந்து பார்த்தார்.

"எஞ்சினை விடுங்கோ அப்பா. றேடியேற்றரை முன்னுக்குத் தள்ளி, மூஞ்சையைக் கொஞ்சம் நீட்டுவம். சட்டைக்கு வெட்டிற மாதிரித்தான். முதல் கடுதாசியிலை வெட்டி வச்சுப் பாப்பம்."

வைத்துப் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

அதன் பிறகு அந்த ஜீப்பில் ஏறிய தகரம் ஒவ்வொன்றும் முதலில் அக்காவின் பேப்பரில் வெட்டப்பட்டது. தார்ப்பீப்பாக்களை வெட்டி விரித்துத் தட்டி நிமிர்த்துவார்கள். அக்கா மாதிரியை மேலே வைத்துச் சோக்கால் கோடு போடுவாள். அப்பா வெட்டுவார். மேல்மூடியை அவள் பழைய படகுப் பாயில் தைத்தாள். தையல் மெசினில் ஊசி ஊசியாக முறிந்தது. நாலு சில்லையும் ஒன்றாகச் சேர்க்கிற சின்னக் கியர்த்தடி ஒன்று கறள் பிடித்து அசையாமல் கிடந்தது. "ரெண்டு சில்லு இழுத்தாக் காணும், விடு" என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா விடவில்லை. தைக்கிற வேலை முடிந்த பின்னேரங்களில் சாக்கை விரித்து ஜீப்புக்குக் கீழே படுத்து, கோழி இறகால் மண்ணெண்ணெய் தடவித் தடவி, ஒருநாள் அதை அசைத்தே விட்டாள். அந்தச் சத்தம் கேட்டுப் பயந்து எங்கள் நாய் குரைத்தது.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், முன்சீற் வரவேண்டிய இடத்தில் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தேன்.

பார்க்க வந்தவர்கள் அப்பாவின் தோளில் தட்டினார்கள். "கையெண்டா இது கை!" என்றார்கள். அப்பா சிரித்துக்கொண்டு நிற்பார். அக்கா கிறீஸை மண்போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவருவாள்.

ஓடிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. மழை விட்டுக் கரை இறுகிக் கிடந்தது. அப்பா எஞ்சின் மூடியைத் திறந்து டீசல் குழாயில் காற்றெடுத்துக்கொண்டிருந்தார். அக்கா ஸ்டியரிங்கில் இருந்து அவர் சொல்லச் சொல்ல மிதித்தாள். திடீரென்று எஞ்சின் இருமியது, குலுங்கியது, பிடித்துக்கொண்டது. அப்பா கையைத் தூக்கிக் கூவினார். அக்கா மூடியைச் சாத்தச் சொல்லிக் கை காட்டினாள். சாத்தியதும் கியரைப் போட்டாள். ஜீப் புறப்பட்டது. அலை நுனியோடு ஒரு வளையம் போய், திரும்பி வந்தது. அப்பாவும் பின்னால் சிரித்துக்கொண்டே ஓடினார். ஆனால் படகடியில் நின்ற ஆம்பிளைகள் எல்லோரும் எழுந்து பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"இறங்கு பிள்ளை. ஆக்கள் பாக்கினம்."

அக்கா இறங்கினாள். அப்பா ஏறினார். நான் முன்சீற்றில் ஏறிக்கொண்டேன்.

திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் சம்பந்தம் வந்துவிட்டது. வெள்ளாங்குளத்துப் பக்கம் வயல் செய்கிற குடும்பம். எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்தான். மாப்பிள்ளை தாயோடும் மாமனோடும் வந்தார். மெலிந்த ஆள். சேட்டின் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. அக்கா தேத்தண்ணி கொடுத்தாள். குடித்து முடித்ததும் மனிதர் கதிரையை விட்டு எழும்பி நேரே ஜீப்படிக்குப் போனார். பொம்பிளை பார்க்க வந்தவர் ஜீப்பைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார், குனிந்து அடியையும் பார்த்தார். எனக்கு அப்போதே ஆளைப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் சம்பந்தம் பேசியவர் வந்து திண்டாடித் திண்டாடிச் சொன்னார். "நகை வேண்டாமாம். காணியும் வேண்டாமாம். அந்த ஜீப் மட்டும் தந்தாக் காணுமாம்."

"மட்டுமோ?" என்று அப்பா எழும்பினார். "ரெண்டு வருசமா நான் மண்ணுக்குள்ளை கிடந்து செய்த சாமான், மட்டுமோ? அவன் பொம்பிளை பாக்க வந்தவனோ, வாகனம் பாக்க வந்தவனோ?"

நான் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அந்த வீட்டில் நியாயம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று பட்டது. அம்மா, "பெடியன் குடியில்லை, பொய்யில்லை. நகையும் கேக்கேல்லை" என்று முணுமுணுத்தார். நான் அக்காவிடம் ஓடினேன். இப்படிப்பட்டவனைக் கட்டமாட்டேன் என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவள் மெசினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ வேண்டாமெண்டு சொல்லு!"

"தள்ளி நில். நூல் அறப்போகுது."

அவ்வளவுதான் சொன்னாள்.

இரண்டு நாள் அப்பா ஜீப்பைச் சுற்றிச் சுற்றித் திரிந்தார். மூன்றாம் நாள், "மருமகனா வரப்போறவன் வாய் திறந்து கேட்டிட்டான். இல்லையெண்டா ஊர் என்ன கதைக்கும்?" என்று சம்மதித்துவிட்டார். என் வாக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கல்யாணம் திருவிழாவுக்கு முந்திய கிழமை. ஒரு கிழமை பொறுத்துக் கொண்டுபோனால் என்ன என்று நான் கேட்டதற்கு, எல்லோரும் என்னைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்கள்.

கல்யாணத்தன்று கோயிலில் பூசை முடிந்து, வீட்டில் சாப்பாடும் நடந்தது. ஜீப்புக்கு வெள்ளைக் கடுதாசிப் பூக் கட்டியிருந்தார்கள். ஆட்கள் படம் எடுக்க நின்ற நேரம் பார்த்து, ஆணியில் தொங்கிய, ஜீப்பை முடுக்குகிற திறப்பை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றுக்குள் போட்டேன். அந்த வீட்டில் நடந்த அநியாயத்துக்கு அதுவே குறைவு என்றுதான் நினைத்தேன்.

வெளிக்கிடும் நேரம் திறப்பைக் காணவில்லை. அப்பா சேட்டுப் பைகளைத் தடவினார். அம்மா பாய்களை உதறினார். மாப்பிள்ளையின் தாய் சகுனம் பற்றி ஏதோ சொன்னார். அக்கா மட்டும் ஒன்றும் தேடவில்லை. அவ்வளவு சனத்துக்குள்ளும் நேரே என்னிடம் வந்தாள்.

"எங்கை?"

"கிணத்துக்குள்ளை."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அக்கா கையிலிருந்த பூச்செண்டை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, கல்யாணச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப்பின் எஞ்சின் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, வெள்ளைச் சேலை!" என்று யாரோ கத்தினார்கள்.

அக்கா திரும்பாமல் கையை நீட்டினாள். "அப்பா, பெரிய திருப்புளி." அப்பா எடுத்துக் கொடுத்தார். இரண்டு வயர்களை முறுக்கினாள், திருப்புளியை எங்கோ வைத்து அழுத்தினாள், பொறி பறந்தது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவள் முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. மாப்பிள்ளை இரண்டு கையாலும் பூச்செண்டைப் பிடித்தபடி நின்றார்.

பிறகு அவர் ஸ்டியரிங்கில் ஏறினார். வீட்டிலிருந்து றோட்டுக்குப் போகிற ஒழுங்கை மணலில் சில்லு புதைந்தது. அவர் மிதிக்க மிதிக்க அது இன்னும் கீழே போனது. அக்கா எட்டி அந்தச் சின்னத் தடியைத் தள்ளினாள். ஜீப் எழும்பிப் போனது. அவள் திரும்பி எனக்குக் கை காட்டினாள். நான் காட்டவில்லை. திருடனுக்குக் கதவு திறந்துவிட்டவளுக்கு யார் கை காட்டுவார்கள்?

மடுவுக்கு பஸ்ஸில் போனோம். நான் முழுத்தூரமும் நின்றுகொண்டு போனேன். நான் பின்சீற் தருவதாகச் சொன்ன வகுப்புக்காரி அதே பஸ்ஸில் யன்னலோரம் இருந்து வந்தாள்.

அதன் பிறகுதான் அந்த ஏழு வருடம். ஒவ்வொரு அறுவடைக்கும் அத்தான் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்குவார். அரிசியைச் சாப்பிட்டேன். அது வேறு விஷயம். "என்ரை ஜீப்பைக் கொண்டு போனவன்" என்று அப்பா ஆட்களுக்குச் சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டினேன்.

எனக்குப் பதினாறு வயது நடந்த மார்கழியில் அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்க இருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் ஒத்தாசைக்கு என்னை அனுப்பினார்கள். மழை வெள்ளத்தில் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் றோட்டே தெரியவில்லை, ஒரே தண்ணீர். கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீருக்குள் ஓர் ஆள் முழங்காலளவில் நடந்து வந்தார். கையிலிருந்த கம்பால் குத்திக் குத்தி றோட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அது அத்தான். அவருக்குப் பின்னால் எங்கள் ஜீப். அதை ஓட்டிக்கொண்டு வந்தது அக்கா.

"வலப்பக்கம் பள்ளம் கிடக்கு, பாத்துப் போங்கோ!" என்று அவள் அவரைப் பார்த்துக் கத்தினாள். நிறைவயிறு ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டிருந்தது. ஜீப்பின் பின்பக்கத்தை வெட்டி நீட்டி நெல் மூட்டை ஏற்றப் பலகை அடித்திருந்தாள். அதில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு கிழவரும், காய்ச்சல் பிள்ளையோடு ஒரு தாயும் இருந்தார்கள். அவர்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டாள். பஸ்ஸுக்குள் இருந்த ஆம்பிளைகள் பார்த்தார்கள். அவளுக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் குளிர் காயும்போது, ஏழு வருடத்துக்குப் பிறகு நான் அத்தானிடம் வாய் திறந்தேன்.

"நீங்கள் ஓட்டிறேல்லையோ?"

"நானோ? கலியாணத்தண்டைக்கு உங்கடை ஒழுங்கை முடியுமட்டும் ஓடினனான் தங்கச்சி. அதோடை சரி."

"அப்ப என்னத்துக்கு அதைக் கேட்டனீங்கள்?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா மூத்த மகனின் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே, "சொல்லுங்கோவன்" என்றாள்.

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு, தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழை ஒரு கடுதாசித் துண்டு வச்சுத் தந்தவ. ‘நகை வேண்டாம், ஜீப்பைக் கேளுங்கோ. அது நான் செய்தது’ எண்டு எழுதியிருந்தது. எனக்கு நாக் கூசிப்போச்சு. மூண்டு நாள் யோசிச்சிட்டுத்தான் கேட்டனான்."

ஏழு வருடம் இந்த மனிதர் எங்கள் வாயில் விழுந்து அரைபட்டிருக்கிறார், ஒரு சொல் சொல்லவில்லை. நான் அக்காவின் மேல் பாய்ந்தேன்.

"உனக்கு வாய் இல்லையோ? இந்த மனிசனை ஏன் கள்ளனாக்கினனி? அப்பாவிட்டை நேரை கேட்டிருக்கலாமே!"

அக்கா சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"கேட்டனான்."

"எப்ப?"

"இந்தச் சம்பந்தம் வர முன்னம். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை. ‘ஜீப்பை எனக்குத் தாங்கோ அப்பா, நான் ஓட்டிக் கரையிலை மீன் ஏத்திறன்’ எண்டு கேட்டனான். அப்பா சிரிச்சதிலை அவருக்குப் புரையேறிப் போச்சு. அம்மா தலையிலை தட்டித் தட்டிச் சிரிச்சா." கொடியை இழுத்துக் கட்டிவிட்டுத் திரும்பினாள். "நீதான் எல்லாரிலும் கூடச் சிரிச்சனி. பாயிலை விழுந்து உருண்டனி."

எவ்வளவு யோசித்தும் எனக்கு அந்தச் சாப்பாட்டு நேரம் நினைவுக்கு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அப்பா எனக்குத் தந்த வாக்கு சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. மடு பஸ்ஸில் என் காலை மிதித்தவரின் முகம்கூட நினைவிருக்கிறது. அக்கா கேட்டது மட்டும் இல்லை. ஒன்பது வயதில் அதை நான் ஒரு பகிடி என்றுதான் நினைத்திருப்பேன்.